நாற்பத்தைந்து நிமிடச் சாட்சி

புனேயில் ஒரு பெண் சனிக்கிழமை காலையில் கோவிலுக்குள் தனியாகக் கண்ணை மூடி அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான் என்பதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் சுசீலாபாய். அங்குள்ள மராத்திக் கிறிஸ்தவ சபையின் கோவிலைப் பெருக்கித் துடைப்பவர். பெஞ்சுகளைத் துடைத்துக்கொண்டே வந்தவர் என் தோளைத் தொட்டு, "நவர்யானே மார்லா கா?" என்று கேட்டார். புருஷன் அடித்தானா என்று. நான் பதறிப்போய், "நாஹி, நாஹி, பிரார்த்தனா" என்றேன். "ஏவ்டா வேள்?" இவ்வளவு நேரமா? நம்பாமல் என் கன்னத்தையும் கைகளையும் உற்றுப் பார்த்துவிட்டு டீ போடப் போனார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. நான் குடியிருப்பது விஷ்ராந்த்வாடியில். ஆளந்திக்கு யாத்திரையாக நடந்துபோகிறவர்கள் இளைப்பாறிய இடமாம். பெயரிலேயே ஓய்வு இருக்கிறது. பதினொரு வருடங்களில் அங்கே இளைப்பாறிய ஒருவரையும் நான் பார்த்ததில்லை. எங்கள் வீட்டுக் குடும்ப ஜெபம் குக்கரின் மூன்றாவது விசிலுக்குள் முடிந்துவிடும். என் கணவர் ஜெபிக்கும் வேகத்துக்குக் கர்த்தர் சுருக்கெழுத்து தெரிந்தவராக இருக்க வேண்டும். மகள் ஷூ மாட்டிக்கொண்டே பாதியில் ஆமென் சொல்லிவிடுவாள். எங்கள் தமிழ் ஐக்கியம் ஞாயிறு மதியம் கூடுவதும் இதே மராத்திக் கோவிலில்தான். மூன்று மணிக்குக் காலி செய்ய வேண்டும் என்பதால், தேவனுக்காகக் காத்திருத்தல் என்ற செய்தியைப் போதகர் ஒருமுறை எட்டே நிமிடத்தில் சொல்லி முடித்தார்.

அவர்தான் ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களில் ஜெபச் சவால் ஒன்றைத் தொடங்கினார். தினமும் எத்தனை நிமிடம் ஜெபித்தோம் என்று வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும். கோயம்புத்தூர் பொறியாளர் ஒருவர் அதை எக்செல்லில் ஏற்றுவார். நான் தினமும் நாற்பத்தைந்து என்று போட்டேன். குளிக்கும்போது ஐந்து, சாம்பார் கொதிக்கும்போது பத்து, அலுவலகம் போகும் வழியில் சிக்னல்களில் முப்பது. உண்மையில் சிக்னலில் நான் ஆண்டவரைக் கூப்பிட்டது, தண்ணீர் லாரி உரசிக்கொண்டு போனபோது மட்டும்தான். பட்டியலில் முதலிடம் வந்தேன். போதகர் போன் செய்தார். "சிஸ்டர், இந்த ஞாயிறு நீங்கதான் சாட்சி சொல்றீங்க. வேலைக்குப் போற பெண்களுக்கு எப்படி நேரம் கிடைக்குதுன்னு."

என் கணவர் சிரித்தார். "பொய்யும் சொல்லிட்டு மேடையும் ஏறப்போறியாக்கும்? சனிக்கிழமையாவது போய் நெசமா உக்காந்துட்டு வா."

அப்படித்தான் போய் உட்கார்ந்தேன். முதல் இருபத்தைந்து நிமிடம் அலுவலக மின்னஞ்சல்கள் வந்து போயின. பிறகு என் விண்ணப்பப் பட்டியலை ஆண்டவரிடம் ஒப்பித்தேன்: மகளின் கணக்குப் பரீட்சை, அத்தையின் முழங்கால், மேலாளருக்கு நல்ல புத்தி. நான்கு நிமிடத்தில் தீர்ந்துவிட்டது. அதற்குமேல் ஆண்டவரிடம் சொல்ல என்னிடம் எதுவுமே இல்லை என்று தெரிந்தபோதுதான் சுசீலாபாய் வந்தார். அவர் டீ போடப் போனதும் அப்பா நினைவுக்கு வந்தார். போன வருடம் பாளையங்கோட்டையில் படுக்கையில் கிடந்தவரைப் பார்க்க மூன்று நாள் விடுப்பில் போயிருந்தேன். கிளம்பும்போது வாசலில் டாக்சி ஹாரன் அடித்தது. "ஏட்டி, உக்காந்து ஒரு ஜெபம் பண்ணிட்டுப் போயேன்" என்றார் அப்பா. "பிளைட்டுக்கு நேரமாச்சுப்பா, போன்ல பண்ணுவோம்" என்றேன். நின்றபடியே அவர் தலையில் கைவைத்து நாலு வார்த்தை சொன்னேன். நான் ஆமென் சொன்னபோது அவர் அப்போதுதான் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பத்து நாளில் போய்விட்டார். அதன்பிறகு நான் எங்கும் சும்மா உட்காரவே இல்லை. நேரமில்லை என்று அதற்கு ஒரு நல்ல பெயர் வைத்திருந்தேன்.

டீயோடு வந்த சுசீலாபாய் நான் அழுவதைப் பார்த்ததும் தன் சந்தேகம் சரிதான் என்று தலையாட்டினார். எனக்குத் தெரிந்த இந்தியில், "பாபா நஹி ரஹே" என்றேன், அப்பா இல்லை என்று. அவர் டீயைக் கீழே வைத்தார். துணியை வாளியில் போட்டுவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து மராத்தியில் ஜெபிக்கத் தொடங்கினார். பாதிதான் புரிந்தது. டீயில் ஆடை படிந்தது. அவருக்கு அவசரமே இல்லை. இன்னும் பத்து பெஞ்சுகள் துடைக்காமல் கிடந்தன.

ஞாயிற்றுக்கிழமை மேடையேறி, "நான் போட்ட நாற்பத்தைந்து நிமிஷம் பொய்" என்றேன். அப்பாவுக்கு அரை நிமிடம்கூடக் கொடுக்காததையும் சொன்னேன். போதகர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, "சகோதரியின் தாழ்மைக்காக ஸ்தோத்திரம்" என்று அடுத்த பாட்டுக்குத் தாவினார். வெளியே வந்ததும் கோயம்புத்தூர்க்காரர் என்னிடம் கேட்டார்: "எக்செல்ல உங்க ரோவை என்னங்க பண்றது, டெலீட் பண்ணிரட்டுங்களா?" அன்று மாலைக் கணக்கில் பலருடைய நிமிடங்கள் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியிருந்தன. காரணத்தை யாரும் எழுதவில்லை.

நான் இப்போதும் சனிக்கிழமைகளில் போகிறேன். சில நாள் ஜெபம் வருகிறது, சில நாள் தூக்கம்தான் வருகிறது. துடைத்து முடித்ததும் சுசீலாபாய் எனக்காக ஜெபிப்பார். போன வாரம் கடைசியில், "ஹிலா சுக்ரூப் கரீ போஹோச்சவ்" என்றார். இவளைப் பத்திரமாக வீடு கொண்டுசேர் என்று. ஆமென் என்று உரக்கவே சொன்னேன். வெளியே வந்து ரிக்‌ஷாவில் ஏறினேன். "குடே?" எங்கே என்று கேட்டார் ஓட்டுநர். பூட்டிக் கிடக்கும் பாளையங்கோட்டை வீட்டின் தெருப் பெயர் வாய்வரை வந்துவிட்டது. அதை விழுங்கிவிட்டு, விஷ்ராந்த்வாடி என்றேன்.