யாருக்கு அவஸ்தை?

டிங்...

கோயில் மணி இல்லை. கைமணி. ஒரு தரம் அடித்து, பத்தடி நடந்து, மறுபடி... டிங்.

போன வெள்ளிக்கிழமை விடிந்தும் விடியாமலும் உப்பளம் பேட்டைத் தெருவில் நடந்துகொண்டிருந்தேன். எங்கே போக என்று கேட்காதீர்கள். எனக்கு ஓர் இடத்தில் இருப்புக் கொள்ளாது என்பது இந்தப் பத்தியைப் படிக்கிறவர்களுக்குத் தெரிந்ததுதானே?

மாதா கோயில் உபதேசியார் மணியடித்து முன்னே வர, வெள்ளைக்காரச் சாமியார் நற்கருணையை நெஞ்சோடு அணைத்துப் பின்னே வந்தார். ஒரு மீன்காரி கூடையை இறக்கிவைத்து முட்டி போட்டாள். யாருக்கோ உயிர் போகிறது. அவஸ்தை எண்ணெய் பூசப் போகிறார்கள்.

இதே மணி ஒரு நாள் எங்கள் வாசலில் வந்து நின்றது. உள்ளே அப்பா. வெளியே நான். சுவரில் வெயில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். உள்ளே போகக் கால் வரவில்லை...

மணி இடப்பக்கம் திரும்பியது. லூர்துசாமி வீட்டுக்குள் நுழைந்தது.

என் தாய்மாமா சவரிமுத்து இருப்பது அங்கேதான்.

லூர்துசாமி தன் அம்மா அப்பாவை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாவின் சிநேகிதர் ஒருவர் தனியாகிவிட்டார் — அவரும் வந்தார். பிறகு ஒரு விதவை. இப்போது மாமாவோடு ஒன்பது முதியவர்கள். வேலைக்காரர் கிடையாது. புருஷன் சமையல், மகள் துணி துவைப்பு, மனைவி மதலேன் அம்மாள் நிர்வாகம். நிர்வாகம் என்றால்? தும்மினால் கஷாயம். இருமினால் கம்பளி. வாசற்படி தாண்டவேண்டுமென்றால் ஆள் தள்ளுகிற புஷ்புஷ் வண்டி, கூடவே மகள்.

போன மழைக்காலத்தில் ஒரு பெரியவர், காலையில் காப்பி வேண்டாம் என்றார். தூங்கட்டும் என்று விட்டுவிட்டாள் மதலேன். ஒரு மணி நேரத்தில் போய்விட்டார் — அவஸ்தை பூசாமலே. அதை அவளால் தாங்க முடியவில்லை. அன்றிலிருந்து யார் காப்பியை மறுத்தாலும் சாமியாருக்கு ஆள் போகும்.

ஓடிப்போய் உள்ளே பார்த்தேன். கட்டிலில் மாமா. கண் மூடியிருக்கிறது. கையில் செபமாலை. உடம்பில் வெள்ளைச் சட்டை — அடக்கத்துக்கென்று பெட்டியில் மடித்து வைத்திருந்த அதே சட்டை! தலைமாட்டில் மெழுகுவத்தி. மதலேன் அழுதுகொண்டே சாகிறவர் செபத்தைச் சொல்ல, கிழடுகள் முனகின.

சாமியார் கிட்டே வந்ததும் மாமா கண் திறந்தார். நற்கருணையைப் பார்த்தார். சட்டென்று இறங்கி முட்டி போட்டு, எல்லாரையும்விட உரக்கச் செபம் சொல்ல ஆரம்பித்தார். நாலு வரி போனபின் பக்கத்திலிருந்த கிழவி ஆரோக்கியம் அம்மாளிடம் குனிந்தார்.

“யாருக்கும்மா அவஸ்தை?”

“யோவ் மேஸ்திரி, ஒனக்குத்தான்யா!”

“எனக்கா? எனக்கு என்னா?”

“காப்பி வேணாம்னியே?”

“நன்மை வாங்கப் போறவன் காப்பி குடிப்பானா?”

விஷயம் இதுதான். அன்று மாமாவின் மனைவி, என் அத்தையின் நினைவு நாள். கோயிலுக்குப் போய் நன்மை — அதாவது நற்கருணை — வாங்க நினைத்திருக்கிறார். நன்மை வாங்க வேண்டுமென்றால் நடுச்சாமத்திலிருந்து பச்சைத் தண்ணீர்கூட வாயில் படக்கூடாது. சொன்னால் வண்டி வரும். அதனால் சொல்லவில்லை. இருந்த ஒரே இஸ்திரிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, பூசை மணி கேட்டதும் நழுவிவிடலாம் என்று செபமாலை உருட்டியபடி படுத்தவர், அப்படியே கண்ணயர்ந்துவிட்டார். ஞாயிறு தவிர அந்த வீட்டில் யாரும் பூசைக்குப் போவதில்லை. மதலேனுக்கு எப்படித் தோன்றும்?

சாமியார் எண்ணெய்ச் சிமிழை மூடினார். “சாகிற மனுஷன் முழங்காலில் நின்று சத்தமாய்ச் செபிக்கிறதை நான் கண்டதில்லை,” என்று தம்முடைய புத்தகத் தமிழில் சொல்லி, நன்மையை மட்டும் கொடுத்துவிட்டுப் போனார்.

எல்லாரும் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை.

“கோயிலுக்குப் போறதுதான் போச்சு. கல்லறைக்காவது நடந்து போறேன். தனியா.”

“வண்டி வரட்டும் பெரிப்பா,” என்றாள் மதலேன்.

“பொண்டாட்டியப் பாக்க, தள்ளிக்கினு போவ ஒரு ஆளு, காவலுக்கு ஒரு ஆளா?”

“வழியில வுழுந்துட்டீங்கன்னா?”

“வுழுந்தா கல்லறைக்குத் தூக்கிக்கினு போற தூரம் கம்மி.”

“வெளையாடாதீங்க. வுடமாட்டேன்.”

மாமா கட்டிலடியிலிருந்து பெட்டியை இழுத்தார். “நாப்பது வருஷம், ஆலைச் சங்கு ஊதுறதுக்கு முந்தி கேட்டுல போயி நின்னவன் நானு. எனக்கு நடக்கத் தெரியாதா? மருமவனே, புடி பொட்டிய. ஒன் வூட்டுக்கே வந்துடுறேன்.”

என் வீடா? மாதத்தில் பாதி நாள் பூட்டிக் கிடக்கிற வீடு. அதனால்தானே அவரை இங்கே கொண்டுவந்து விட்டேன்? நான் பெட்டியைத் தொடவில்லை. மாமா அதைப் பார்த்தார். மதலேனும் பார்த்தாள்.

முதியவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. அவர்கள் கண்ணை மூடினால் பயம். கண்ணைத் திறந்து வாசலைப் பார்த்தால் அதைவிடப் பயம். பார்த்துக்கொள்ளாத என்னைப் போன்றவர்களுக்கு அந்த வியாதி வராது. ஆகவே மதலேனைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

அவள் பெட்டியைத் தன் காலால் கட்டிலடிக்குத் தள்ளினாள். மூலையிலிருந்த கைத்தடியை எடுத்து மாமா கையில் கொடுத்தாள். முகம் சரியாயில்லை.

“நான் கூட வரட்டுமா?” என்றேன்.

“நீ வந்தா பாதி வழியில வேற எங்கனா போயிடுவ,” என்றார் மாமா.

படியிறங்கினார். ஒரு கால்... தடி... மறு கால். மதலேன் வாசல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“பெரிப்பா, மதியம் வஞ்சிர மீன் கொழம்பு. நீங்க வந்து ஒக்கார்ற வரைக்கும் இந்த எட்டு பேருக்கும் சோறு போடமாட்டேன். ஆமா, சொல்லிட்டேன்.”