நூற்றியொன்று என்று சொன்னேன்

நான் ஒரு பூனையைக் கொன்றவன். கையால் அல்ல, வாயால். ஒரே ஒரு எண்ணைச் சொல்லி... அதுவும் மூன்று நாள், காலை மாலை தவறாமல்.

சிரிப்பு வருகிறதா உங்களுக்கு? வரட்டும். கடலூர் முதுநகரில் என்னைப் பார்த்தாலே எல்லாருக்கும் சிரிப்புத்தான். நிக்காஹ் வீட்டில் பிரியாணி வர நேரமானால், பந்தியைச் சமாளிக்க என்னைத்தான் தேடுவார்கள்.

இரண்டாயிரத்துப் பத்து. என் மனைவி சபீனாவின் தம்பி ரிஸ்வான், சிங்கப்பூர் வேலையை விட்டுத் துபாய்க்கு மாறியபோது, தான் வளர்த்த பூனையை அக்காவிடம் ஒப்படைத்துவிட்டுப் போனான். பெயர் மிட்டாய். அதன் தோள்களுக்கு நடுவே, தோலுக்கு அடியில், அரிசி மணி அளவில் ஒரு சிப். கூடவே டிவி ரிமோட் போல ஒரு கருவி. முதுகுக்கு மேலே பிடித்து அழுத்தினால் பீப் என்று கத்தும். பூனையின் உடம்புச் சூடு திரையில் தெரியும்.

அந்தக் கருவி என் கைக்கு வந்தது மிட்டாயின் கெட்ட காலம். வந்த விருந்தாளிகளின் முதுகிலெல்லாம் வைத்து அழுத்தினேன். சிப் இல்லாத முதுகில் அது என்னத்தைக் காட்டும்? எண்ணை நானே சொன்னேன்.

"மாமா, உங்களுக்கு நூத்திப்பத்து. மாமி பக்கத்துல உக்காந்தா அப்படித்தான் ஏறும்."

"அத இவன் மண்டையில வச்சுப் பாருங்கடா, உள்ள ஏதாச்சும் இருக்கான்னு" என்றார் மாமா. வீடே குலுங்கியது.

எண்ணைக் கற்பனையாகச் சொல்ல என் நாக்கு இப்படித்தான் பழகியது.

ஒரு நாள் தெருவிலிருந்த கடுவன் பூனையிடம் கடிபட்டு வந்தது மிட்டாய். தொடையில் சீழ் வைத்துவிட்டது. கூடையில் வைத்துச் சிதம்பரத்து டாக்டரிடம் கொண்டுபோனோம். ஊசி போட்டு, மாத்திரை கொடுத்துவிட்டு, கருவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது இருக்கே, அப்புறம் என்ன? காலையில, சாயங்காலம் பாருங்க. நூத்திமூணுக்கு மேல போச்சுன்னா உடனே தூக்கிட்டு வந்துடுங்க."

மாத்திரையும் சாப்பாடும் சபீனாவின் வேலை. சூடு பார்ப்பது என் வேலை. அவ்வளவுதான் எனக்குக் கொடுக்கப்பட்டது...

கருவியைக் கண்டதும் மிட்டாய் பீரோவுக்கு அடியில் புகுந்துகொண்டது. தூங்கும்போதெல்லாம் காதருகே பீப் அடித்து நான் ஊட்டிய பயம் அது. இந்தத் தொப்பையோடு தரையில் படுத்துக் கையை உள்ளே நீட்ட வேண்டும். சோம்பலாக இருந்தது. வேறு காரணம் ஏதாவது இருந்தால் சொல்ல மாட்டேனா?

"எவ்ளோங்க?" அடுப்படியிலிருந்து சபீனா கேட்டாள்.

"நூத்தியொண்ணு."

"நூத்தியொண்ணுதானா? ஒண்ணும் தின்ன மாட்டேங்குதே."

"நீ ஆக்குனத நானே தின்ன மாட்டேங்குறேன், அது தின்னுமா?"

அவள் சிரித்தாள். அத்தோடு அவள் சந்தேகம் தீர்ந்தது. என் பகடி என்ன வேலை செய்கிறது பார்த்தீர்களா...

மூன்றாம் நாள் மாலை, மனசு கேட்காமல், சுறாப்புட்டு செய்து விரலால் ஊட்டினாள். நாலு வாய் தின்றது. மறுநாள் காலை கூப்பிட்டும் அசையவில்லை. அன்றுதான் நான் தரையில் படுத்தேன். கருவி பழுதில்லாமல் வேலை செய்தது. நூற்றியைந்து புள்ளி எட்டு.

வாடகைக் கார் பிடித்துச் சிதம்பரம் ஓடினோம். "நேத்து எவ்வளவு இருந்தது?" என்று கேட்டார் டாக்டர்.

நான் வாயைத் திறப்பதற்குள் சபீனா சொன்னாள்: "நூத்தியொண்ணுதான் சார். மூணு நாளும் இவுங்க ஒரு வேளை விடாம பாத்தாங்க."

"அப்போ புண்ணால இருக்காது. புண்ணுன்னா படிப்படியா ஏறியிருக்கும். தின்னதுல ஏதோ வந்திருக்கு. நேத்து என்ன குடுத்தீங்க?"

"சுறாப்புட்டு." என்றாள் சபீனா.

அந்த இடத்தில் நான் பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. ஊரையே பேசிச் சிரிக்க வைத்தவனுக்கு ஒரு வாக்கியம் வரவில்லை. டாக்டர் வயிற்றுக்கு மருந்து ஏற்றினார். உண்மை தெரிந்திருந்தால் புண்ணைத் திறந்து பார்த்திருப்பார். பிழைத்திருக்குமா? தெரியாது. தெரியாது என்று சொல்லி அதற்குள்ளேயும் ஒளியப் பார்க்கிறேன், கவனித்தீர்களா?

மதியம் லுஹர் தொழுகைக்கு முன்பே மிட்டாய் போய்விட்டது.

ரிஸ்வான் போனில் அழுதான். "மச்சான், நீங்க அவ்ளோ பாத்துக்கிட்டும்..." என்றான். அக்கா எதை ஊட்டினாள் என்று மட்டும் கேட்கவில்லை. பக்கத்தில் நின்ற சபீனா, அவன் கேட்காததைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இரண்டு வருஷம் ஆயிற்று. சென்ற வாரம் மதில் மேல் ஒரு குட்டி வந்து கத்தியது. சபீனா கிண்ணத்தில் பாலை ஊற்றி என்னிடம் நீட்டினாள்.

"நீங்க வச்சிடுங்க. என் கையால வேணாம்."

சொல்லிவிடலாம் என்றுதான் அவள் முகத்தைப் பார்த்தேன்... கிண்ணத்தை வாங்கிக்கொண்டு வெளியே போனேன்.

"குடிக்குதாங்க?" கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டாள்.

"குடிக்குது" என்றேன்.