பெத்தன் ஏந்திக்கொண்டு ஓடிய சேலை

யாராவது காரணம் சொல்லாமல் நல்லது செய்தால் பெத்தனுக்குப் பயம் பிடித்துவிடும். பந்தியில் கூடுதலாக ஓர் அப்பளம் விழுந்தால்கூட, "எதுக்கு?" என்று கேட்டுவிட்டுத்தான் கையை வைப்பான். ஊரில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். அரியக்குடிக்கு அவன் ஓடிய நாளைப் பற்றித் தெரிந்தவர்கள் மட்டும் கொஞ்சம் குறைவாகச் சிரிப்பார்கள்.

பெத்தன் கொத்தனார். காரைக்குடிக்கு ரயில் வராத காலம் அது. பர்மாவில் சம்பாதித்த செட்டியார்கள் கானாடுகாத்தானில் போட்டி போட்டுக்கொண்டு வீடு கட்டினார்கள். ஒருவர் இரண்டு கட்டு வீடு கட்டினால் எதிர்வீட்டுக்காரர் மூன்று கட்டுப் போடுவார். பெத்தனுக்கு வருஷம் முழுக்க வேலை. தாய் தகப்பன் இல்லாதவன். கருப்பி என்று ஒரே தங்கை. தூக்கி வளர்த்ததும் அவன்தான், அரியக்குடியில் செம்மலை என்கிற, வெள்ளாமை செய்யும் சம்சாரிக்குக் கட்டிக்கொடுத்ததும் அவன்தான். கட்டிக்கொடுத்ததோடு சரி. பொங்கலுக்குப் போகவில்லை, ஆடிக்கு அழைக்கவில்லை, பிள்ளை பிறந்தபோதும் எட்டிப் பார்க்கவில்லை. பாசம் இல்லாமல் இல்லை. இந்தச் சுவர் முடியட்டும், அந்தச் சுவர் முடியட்டும் என்றே நாளைக் கடத்திவிட்டான். சுவருக்கு என்றைக்கு முடிவு உண்டு?

கருப்பியின் மாமியார் அக்கம்மாள் இதைச் சும்மா விடவில்லை. "ஒனக்குப் பொறந்த வீடுன்னு ஒண்ணு இருக்கா, இல்ல புத்துல மொளைச்சியா? நாளைக்கு நீ செத்தா அழுகக்கூட ஆளில்லடி" என்று தினமும் பாட்டுப் பாடினாள்.

பிள்ளைக்குக் காது குத்த நாள் குறித்தார்கள். தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். உச்சிப் பொழுதுக்குள் மாமன்காரன் வராவிட்டால் பங்காளி ஒருவன் மடியில் வைத்துக் குத்திவிடப் போவதாக அக்கம்மாள் சொல்லியனுப்பினாள். அப்படி நடந்தால் அந்த வீட்டில் கருப்பி தலை நிமிர முடியாது. பெத்தனுக்கும் இது உறைத்தது.

முதல் நாளே அவன் மனைவி மலையம்மாள் தேங்காய், பழம், வளையல், சர்க்கரை எல்லாம் தட்டுகளில் அடுக்கிக்கொண்டு வண்டியில் போய்விட்டாள். கருப்பிக்கு எடுத்த புதுச்சேலையோடு அவன் பின்னால் வருவதாகப் பேச்சு. ஆனால் அன்றைக்குப் பார்த்து ஒரு சுவருக்குக் கடைசிப் பூச்சு. அதைத் தொடங்கிவிட்டால் நடுவில் விட முடியாது, விட்டால் சுவரில் கோடு விழுந்துவிடும். விளக்கு வைத்த பிறகும் தேய்த்துக்கொண்டே இருந்தவன் அலுப்பில் அங்கேயே படுத்துவிட்டான். கண் விழித்தபோது வெயில் முற்றத்துக்கு வந்திருந்தது.

குளிக்கவில்லை, முகம்கூடக் கழுவவில்லை. உடம்பெல்லாம் சுண்ணாம்பு. சேலையில் ஒட்டிவிடக்கூடாதே என்று அதை இரண்டு கைகளிலும் முன்னால் ஏந்திக்கொண்டு ஓடினான். நாலு எட்டு வைப்பதற்குள் குடுமி அவிழ்ந்தது. முடியவும் கை இல்லை.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். நல்ல காரியத்துக்குப் போகிற புதுத்துணியின் முனையில் மஞ்சள் தடவுவது எங்கள் பக்கத்து வழக்கம். மஞ்சள் தடவாத புதுச்சேலை என்றால் கோடி. இழவு வீட்டுக்குப் பிறந்த வீட்டார் கொண்டுபோய்ப் போடுவது. அது வந்து சேராமல் பிணத்தை எடுக்க மாட்டார்கள். அதனால் கோடி கொண்டு போகிறவனை வழியில் நிறுத்த மாட்டார்கள், கேள்வி கேட்க மாட்டார்கள், முடிந்த உதவியைச் செய்து அனுப்பிவிடுவார்கள். மஞ்சள் தடவுவது வீட்டுப் பெண்களின் வேலை. மலையம்மாள் ஊரில் இல்லை. சுவருக்கு எந்தச் சுண்ணாம்பு என்று தெரிந்த பெத்தனுக்குச் சேலைக்கு மஞ்சள் என்பது ஞாபகத்திலேயே இல்லை.

பள்ளத்தூர்க் கிணற்றடியில் பெண்கள் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார்கள். அவனைக் கண்டதும் பேச்சு நின்றது. ஒருத்தி குடத்தோடு ஓடிவந்து, அவன் கேட்காமலேயே வாயில் தண்ணீர் ஊற்றினாள். "குடிங்கண்ணே. தெம்பு வேணும்ல" என்றாள். மற்றவர்கள் ஒதுங்கி வழி விட்டார்கள். முன்பின் தெரியாதவனுக்கு இவ்வளவு மரியாதையா என்று பெத்தனுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

கோட்டையூர் தாண்டியதும் எதிரில் வைக்கோல் வண்டி ஒன்று வந்தது. வண்டிக்காரன் கோட்டைச்சாமி இறங்கி, பாதி வைக்கோலைப் பாதையோரம் தள்ளிவிட்டு, வந்த வழியே வண்டியைத் திருப்பினான்.

"ஏறுங்கண்ணே. காரைக்குடி வரைக்கும் விட்டுர்றேன்."

"உங்க வைக்கோலு?"

"அது கெடக்கட்டும். இப்ப அதையா பாக்க?"

மாடுகளை விரட்டின விரட்டில் எலும்பெல்லாம் ஆடியது. கோட்டைச்சாமி வழி முழுக்க வாய் திறக்கவில்லை. காரைக்குடியில் இறக்கிவிட்டபோது மட்டும், "மனசைத் தேத்திக்கிருங்கண்ணே. நம்ம கையில என்ன இருக்கு?" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

பெத்தனுக்கு அப்போதுதான் முதன்முதலாகக் குழப்பம் தட்டியது. எதற்கு மனசைத் தேற்ற வேண்டும்? காது குத்துக்குப் பிந்திப் போவதற்கா? இவனுக்கு எப்படித் தெரியும்? யோசித்துக்கொண்டே ஓடினான். யோசனை ஒருபக்கம், கால் ஒருபக்கம்.

அரியக்குடிச் சாலையில் ஓர் ஆச்சியின் கூண்டு வண்டி எதிரே வந்து நின்றது. பெருமாள் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்புகிறார் போலும், கையில் துளசி. மற்றவர்களைப் போல ஆச்சியால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"யாரு வீட்டுக்கப்பா போறே?"

"தங்கச்சி வீட்டுக்கு ஆச்சி. இங்க அரியக்குடிதான்."

"புள்ள இருக்கா?"

"ஒரு பய. இப்பத்தான் நடக்கப் பழகுறான்."

ஆச்சியின் கண் கலங்கிவிட்டது. "அடப் பாவமே! இனிமே அந்தப் பயலுக்கு நீதானப்பா தாயும் தகப்பனும். கைவிட்டுறாதே" என்று துளசியை அவன் கைகளில் இருந்த சேலைமேல் வைத்தார். வண்டி போய்விட்டது.

பெத்தன் நடுச்சாலையில் நின்றான். ஆச்சி அரியக்குடியிலிருந்து வருகிறார். அப்படியானால் அங்கே நடந்தது அவருக்குத் தெரிந்திருக்கிறது. கிணற்றடிப் பெண்களுக்கும் தெரிந்திருக்கிறது. வண்டிக்காரனுக்கும் தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை. பிள்ளை பெற்றதிலிருந்து கருப்பிக்கு உடம்பு சரியில்லை என்று மலையம்மாள் எப்போதோ சொன்னது ஞாபகம் வந்தது. திரும்பி ஓடி ஆச்சியிடம் கேட்டுவிடலாம். ஆனால் கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவாரே! கேட்கப் பயந்து முன்னால் ஓடினான்.

கால் பின்னிக் கீழே விழப் போனவனை, வயலில் நின்ற சேவுகன் என்கிற ஆள் ஓடிவந்து பிடித்தான். மண்வெட்டியைப் போட்டுவிட்டு, தோளை அணைத்துக்கொண்டு கூடவே ஓடிவந்தான். "அழுங்கண்ணே, அடக்காதீக" என்றான். அதற்கென்றே காத்திருந்ததுபோல் பெத்தன் வாய் விட்டு அழ ஆரம்பித்தான்.

உச்சிக்குச் சற்று முன்னால் தெருமுனையில் திரும்பியதும் பந்தல் தெரிந்தது. பந்தல் எல்லாவற்றுக்கும்தான் போடுவார்கள். பெத்தன் அதற்குமேல் எதையும் பார்க்கவில்லை. "கருப்பி! நான் வாரதுக்குள்ள போயிட்டியே தாயி! ஒரு வாய்ச் சோறு ஒன்னோட வந்து திங்கலையே! செவுத்தைக் கட்டி அழுதேனே, ஒன்னையப் பாக்க வரலையே பாவி!" என்று வாசலில் விழுந்து தலையில் அடித்துக்கொண்டான்.

சேவுகன்தான் முதலில் வாழை மரத்தையும் மாவிலைத் தோரணத்தையும் கவனித்தான். இது என்ன மாதிரி இழவு என்று அவனுக்கே குழம்பிவிட்டது. உள்ளேயிருந்து பட்டுப்பாவாடைப் பிள்ளைகள் எட்டிப் பார்த்தன. மலையம்மாள் ஓடிவந்து சேலையைப் பிடுங்கி முனையைப் புரட்டிப் பார்த்தாள். "அடப் பாவி மனுசா! மஞ்சள் வைக்காமலா இம்புட்டுத் தூரமும் ஏந்திக்கிட்டு வந்தீக? பாத்தவுக கோடின்னுதானே நெனப்பாக!"

அவள் சொன்ன எதுவும் பெத்தனுக்கு ஏறவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு இடுப்பில் பிள்ளையோடு கருப்பி வந்து நின்றாள். அவன் அவளைப் பார்த்தான், அழுகை நிற்கவில்லை.

அக்கம்மாள் கொதித்தாள். "நல்ல காரியம் நடக்குற வாசல்ல ஒப்பாரியா? இவன் மடியில எம்பேரன் உக்கார மாட்டான். பங்காளியைக் கூப்பிடுங்க!"

அதுவரை அந்த வீட்டில் எதிர்த்துப் பேசாத கருப்பி பேசினாள். "நான் செத்தா அழுக ஆளில்லைன்னு நித்தம் சொல்வீகளே அத்தை. அந்தா, வாசல்ல பாருங்க."

அக்கம்மாள் வாசலைப் பார்த்தாள். மணையைத் தானே எடுத்துப் போட்டாள். செம்மலை வந்து மைத்துனனைக் கைகொடுத்துத் தூக்கினான். சேவுகனுக்கும் ஓர் இலை போடச் சொன்னான்.

சுண்ணாம்பு உடம்போடு பெத்தன் மணையில் உட்கார்ந்தான். மடியில் பிள்ளையை வைத்தார்கள். ஆசாரி குத்தியதும் பிள்ளை வீறிட்டது. பிள்ளை அழுவதைப் பார்த்துத் தாய் அழுதாள். மாமன்காரன் எதற்கு அழுகிறான் என்பது அவனுக்கே தெரியவில்லை. கருப்பி குனிந்து அவன் காதோரம் சொன்னாள்.

"நான் இருக்கேண்ணே."

"தெரியுது தாயி" என்றான். ஆனாலும் அழுதுகொண்டேதான் இருந்தான்.