சாந்தா இரியாவில் ஆழம் பார்த்தவர்

எங்கள் ஊரிலிருந்து தக்கார் நகரத்துக்குப் போய்ப் படித்துப் பட்டத்தோடு திரும்பிய முதல் ஆள் நான். அந்தப் பெருமைக்காகவே தொமாசியா அம்மாவின் சாவில் துணி அறிவிக்கும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். எங்கள் மஞ்சாக்கு சனத்தில் உறவுக்காரர் ஒவ்வொருவரும் நெய்த துணி கொண்டுவந்து பிணத்தின் மேல் போர்த்துவார்கள். கொடுத்தவர் பேரைச் செத்தவர் காதில் விழும்படி உரக்கச் சொல்ல வேண்டும். பேரில்லாத துணி குழிக்குள் போகாது.

ஃபௌஸ்தினோவை அன்றுதான் முதலில் பார்த்தேன். வாசலுக்கு வராமல் முந்திரி மரத்தடியில் நின்று கையசைத்துக் கூப்பிட்டார்.

"தம்பி, இதைப் போட்டுடு. பேரு மட்டும் சொல்லாத."

"அது எப்படிங்க? நீங்க யாரு?"

"செத்தவளோட தம்பி."

எனக்குப் புரிந்துவிட்டது. ஃபௌஸ்தினோவின் பேர் தெரியாதவர் ஊரில் யார்? சாந்தா இரியா என்ற போர்த்துக்கீசியப் பீரங்கிக் கப்பலின் முன்முனையான அணியத்தில் நின்று, நீண்ட கழியை விட்டு ஆற்றின் ஆழம் பார்த்துச் சொன்னவர். அந்தக் கப்பல் முதலில் தபாலையும் டாக்டரையும் கொண்டுவந்தது. அப்புறம் வரி அதிகாரியை. விடுதலைச் சண்டை மூண்டதும் சிப்பாய்களை. ஒருநாள் அது எங்கள் ஓடைக்குள் நுழைந்து நெற்குதிர்களைச் சுட்டு எரித்தது. தொமாசியா அம்மாவின் மூத்த மகன் குதிரோடு போனான்.

அதற்குள் அவள் மகள் எர்மெலிந்தா பார்த்துவிட்டாள்.

"யாரு, கப்பல்காரரா? வாங்க மாமா! இன்னைக்கு நடந்தா வந்தீங்க? பீரங்கி எங்க?"

பெண்கள் பக்கம் யாரோ சிரித்தார்கள்.

"துணிய மட்டும் வாங்கிக்கம்மா..."

"பேரோட வந்தா வாங்குறேன். அம்மாகிட்ட உங்க வாயாலயே சொல்லுங்க, நீங்க யாரு, என்ன செஞ்சீங்கன்னு."

அவர் திரும்பிப் போய்விடுவார் என்று நினைத்தேன். பிணத்தருகே வந்து குனிந்தார்.

"அக்கா, நான் ஃபௌஸ்தினோ. சாந்தா இரியாவுல ஆழம் பார்த்தவன். ஓடை வாயில 'தண்ணி பத்தாது'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா கப்பல் திரும்பியிருக்கும். ஃபௌஸ்தினோ ஆழத்தைத் தப்பாச் சொன்னான்னு பேரு வந்துடுமேன்னு பாத்தேன். உள்ளதச் சொல்லிட்டேன்."

எர்மெலிந்தா துணியை வாங்கிக் காலடியில் போர்த்தினாள். போர்த்திய கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

பனங்கள் குடுவை சுற்றி வந்தது. ஃபௌஸ்தினோவுக்கு முன்னால் இருந்தவர் குடித்துவிட்டு, அவரைத் தாண்டி அடுத்த ஆளிடம் நீட்டினார். ஃபௌஸ்தினோவும் கை நீட்டவில்லை. தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாந்தா இரியாவைச் சுதந்திரம் வந்த வருஷமே இரும்புக்கு உடைத்துவிட்டார்கள். ஃபௌஸ்தினோ இப்போது தலைநகர் பிசாவுவின் துறைமுகத்தில் படகுகளுக்குக் கயிறு கட்டிவிடுகிறார், அங்கேயே ஒரு கொட்டகையில் படுத்துக்கொள்கிறார். ஊருக்கு வருவதில்லை.