பிரிக்காத மூன்று கவர்கள்

அவரை ஊரில் 'மெதுவா' என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. முப்பது வருடம் கண்ணாடி தூக்கியதில் ஒட்டிக்கொண்டது. படிக்கட்டு திரும்பும்போதும் வாசற்படி தாண்டும்போதும், கண்ணாடியின் மறுமுனையைப் பிடித்திருப்பவரிடம் "மெதுவா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே வருவார். கடந்த இரண்டு வருடங்களாக அப்படிச் சொல்ல மறுமுனையில் ஆள் இல்லை.

முன்பு இருந்தவர் மச்சான், மனைவியின் தம்பி. ஒரு மாடி வீட்டுக்கு ஆறடிக் கண்ணாடி ஏற்றும்போது அது நழுவியது. மச்சானின் வலது மணிக்கட்டில் நரம்பு அறுந்துபோனது. "நீங்கதான் முதல்ல விட்டீங்க" என்றார் மச்சான், மருத்துவமனைக் கட்டிலில் படுத்தபடி. மெதுவாவுக்கு அப்படி நினைவில்லை. விடவில்லை என்று அடித்துச் சொல்லும் அளவுக்கும் நினைவில்லை. மனைவி இருந்திருந்தால் இருவரையும் ஒரு அதட்டல் போட்டுச் சேர்த்து வைத்திருப்பாள். அவள் அதற்கு முந்தின வருடமே போய்ச் சேர்ந்துவிட்டாள். மச்சான் வீட்டு மாடியில்தான் அவர் குடியிருந்தார். ஒரு மாதம் படியில் எதிர்ப்பட்டும் முகம் பார்க்காமல் கழித்தார்கள். பிறகு மெதுவா ஊரின் மறுகோடியில் ஓர் அறை பார்த்துப் போனார். போன் நம்பரையும் மாற்றிக்கொண்டார்.

தனியாள் தூக்கக்கூடியது ஜன்னல் கண்ணாடியும் படத்துக்கான கண்ணாடியும்தான். காசு இருப்பது பெரிய கண்ணாடியில். கண்ணாடி ஏற்றக் கடனில் வாங்கியிருந்த வேனுக்கான தவணை முதலில் பத்து நாள் தள்ளியது, பிறகு ஒரு மாதம், பிறகு மூன்று.

ஒரு காலை பதினொரு மணிக்கு, கடன் கொடுத்த நிதி நிறுவனத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். அப்போது வேனின் பக்கவாட்டுச் சட்டத்தில் ஆளுயர நிலைக்கண்ணாடி ஒன்று கட்டியிருந்தது. தையல்கடைக்காரருடையது. மொத்தக் கடையில் நான்கு பேர் ஏற்றிக் கொடுத்திருந்தார்கள். வந்தவர்களில் ஒருவர் தெருமுனைக் கடையில் இவரைப் பற்றி விசாரித்துவிட்டு வந்திருக்க வேண்டும்.

"பேருக்கு ஏத்த மாதிரிதாண்ணே தவணையும் கட்டுறீங்க. சாவியக் குடுங்க. இல்லன்னா முன்பக்கத்தத் தூக்கிக் கட்டி இழுத்துட்டுப் போயிடுவோம்."

வேறு ஓட்டுநராக இருந்தால் கத்தித் தெருவைக் கூட்டியிருப்பார், குறைந்தபட்சம் கதவைப் பிடித்துத் தொங்கியிருப்பார். மெதுவாவின் கண்ணுக்குத் தெரிந்தது ஒன்றுதான்: முன்பக்கம் தூக்கினால் கண்ணாடி சரியும். சாவியைக் கொடுத்தார். போதாதென்று, பள்ளமில்லாத பாதை எது என்றும் சொல்லிக் கொடுத்தார். கண்ணாடி அடுத்தவர் சொத்து, அதை எழுதித் தாருங்கள் என்று மட்டும் கேட்டார். அவர்கள் அச்சடித்த தாள் ஒன்றை நீட்டி, கீழே 'நிலைக்கண்ணாடி – 1' என்று எழுதினார்கள். அதன் அடியில் கையெழுத்துப் போட்டு, நகலை வாங்கி வைத்துக்கொண்டார்.

நீதிமன்றத்தின் பின்கட்டில் வாரம் இரண்டு நாள் இலவசமாக ஆலோசனை சொல்லும் அறை ஒன்று உண்டு. அங்கிருந்த பெண் வக்கீல் அந்தத் தாளை இரண்டு முறை படித்தார்.

"தவணை கட்ட முடியல, நானே விரும்பி வண்டிய ஒப்படைக்கிறேன்னு இதுல இருக்கு. படிச்சீங்களா?"

"கண்ணாடிய எழுதியிருக்காங்களான்னு மட்டும் பாத்தேம்மா."

மிரட்டி வாங்கியது என்று சொல்லலாம், ஆனால் அதைப் பார்த்தவர் வேண்டும் என்றார் வக்கீல். வீட்டில் யார் இருந்தார்கள்? யாரும் இல்லை. பக்கத்து அறையில்? வேலைக்குப் போயிருந்தார்கள். அன்று யாரிடமாவது இதைச் சொன்னீர்களா?  இல்லை என்று தலையாட்டினார்.

வக்கீல் பேனாவை மூடவில்லை. கடனுக்கு ஈடு வேன் மட்டும்தான், அதற்குள் இருந்த கருவிகளும் கண்ணாடியும் இல்லை. அவற்றைக் கேட்டு இன்றே கடிதம் போகும் என்றார். விற்பதற்கு முன் ஏலத் தேதியைத் தெரிவித்தாக வேண்டும். அதுவரை பாக்கியைக் கட்டி மீட்க வழி உண்டு. போனால் போகிறது என்று விட்டால் தலைவலி தீராது. ஏலத்தில் விலை குறைந்தால் மீதிக்கு இவரையும் துரத்துவார்கள், ஜாமீன் போட்டவரையும் துரத்துவார்கள். முக்கியமானது இன்னொன்று. வண்டியை எடுப்பதற்கு முன் நோட்டீஸ் அனுப்பி, கட்டுவதற்கு அவகாசம் தந்திருக்க வேண்டும்.

"நோட்டீஸ் வந்துச்சா?"

"தெரியலம்மா. பழைய வீட்டு அட்ரஸ்தான் அவங்ககிட்ட இருக்கு."

"அங்க யார் இருக்காங்க?"

"ஜாமீன் போட்டவர்" என்றார். மச்சான் என்று சொல்ல வாய் வரவில்லை.

மூன்றாம் நாள் கருவிப் பெட்டி திரும்பி வந்தது. நிலைக்கண்ணாடியைத் தையல்கடைக்காரரே வண்டி பிடித்து எடுத்துப் போனார், வழியெல்லாம் திட்டியிருப்பார். கூடவே ஏலத் தேதியும் வந்தது. பன்னிரண்டு நாள் இருந்தது. பழைய வீட்டுக்குப் போக அதில் நான்கு நாளைக் கழித்தார் மெதுவா.

கதவைத் திறந்தது மச்சான்தான். உள்ளே வாருங்கள் என்று சொல்லவில்லை. விஷயத்தைக் கேட்டதும் உள்ளே போய் மூன்று கவர்களை இடது கையில் எடுத்து வந்தார். ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை.

"எனக்கு வந்தத படிச்சேன். உங்க பேருக்கு வந்தத நான் ஏன் தொடணும்?"

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மச்சான்."

"எந்த நம்பர்ல சொல்ல?"

 மெதுவா கவர்களை வாங்கிக்கொண்டு இறங்கினார்.

வக்கீல் கவர்களின் ஓரத்தைக் கத்தரியால் நறுக்கிப் பிரித்தார். முதல் இரண்டும் வெறும் நினைவூட்டல். மூன்றாவதுதான் நோட்டீஸ்: கிடைத்த நாளிலிருந்து பதினைந்து நாளுக்குள் கட்டவும். அவர் கடிதத்தை மேசையில் வைத்துவிட்டு, கவரை வெளிச்சத்தில் பிடித்து அஞ்சல் முத்திரையைப் பார்த்தார். நோட்டீஸில் போட்டிருந்த தேதிக்கு மூன்று வாரம் கழித்துத்தான் அது தபாலில் சேர்ந்திருந்தது.

"இது தபால்ல போட்ட எட்டாம் நாளே வண்டிய எடுத்துட்டாங்க. அவகாசம் முடியவே இல்ல. ஜாமீன் போட்டவர் பிரிச்சுப் பாத்துட்டு கவரத் தூக்கிப் போட்டிருந்தார்னா, நம்ம கையில ஒண்ணுமே இல்ல."

இதைக் காட்டி வக்கீல் எழுதிய மனுவின் நகல் நிதி நிறுவனத்துக்குப் போனது. அவர்களுக்கும் நீதிமன்றப் படி ஏற ஆசையில்லை. ஏலத்துக்கு இரண்டு நாள் முன்பு கூப்பிட்டார்கள். ஒரு மாதத் தவணையைக் கட்டினால் வேன் கிடைக்கும். மீதி பாக்கியைப் பின்னால் தள்ளி வைப்பார்கள். வண்டி எடுத்த கூலியும் நிறுத்திய வாடகையும் கிடையாது. ஒரு நிபந்தனை: புது ஒப்பந்தத்தில் ஜாமீன்தாரரும் கையெழுத்துப் போட வேண்டும்.

மச்சானிடம் வக்கீல்தான் பேசினார். சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னதாகவே நிதி நிறுவன அலுவலகத்துக்கு வந்து, மெதுவாவிடமிருந்து ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தார் மச்சான். இடது கையால் கோணலாகப் போட்ட கையெழுத்தை, பழைய கையெழுத்தோடு ஒத்துப்போகவில்லை என்று ஊழியர் திருப்பினார்.

"வலது கை வேலை செய்யாது. எழுதிக்குங்க" என்றார் மச்சான். எப்படி ஆனது என்று ஊழியர் கேட்டார். மெதுவா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேலை செய்யும்போது" என்றார் மச்சான். "கண்ணாடி நழுவிடுச்சு."

அவ்வளவுதான். யார் விட்டார்கள் என்பதைப் பற்றி ஒன்றும் இல்லை. மூன்று தாளிலும் போட்டுவிட்டு எழுந்தார். "அக்காவுக்காகத்தான் அன்னைக்கு ஜாமீன் போட்டேன். ஒழுங்கா கட்டிடுங்க மாமா" என்று கதவைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனார்.

ஊழியர் கடைசியாக ஒரு படிவம் நீட்டினார். இந்த வம்பெல்லாம் முகவரியால் வந்தது, இப்போது குடியிருக்கும் இடத்தை எழுதுங்கள் என்றார். மெதுவா அதில் இருந்த பழைய முகவரியைக் கோடு போட்டு அடித்தார். இனி அந்த வீட்டுக்கு அவர் பெயரில் ஒரு தபாலும் போகாது. கேட்டு வாங்க அந்தக் கதவைத் தட்டவும் வேண்டியிராது. புது முகவரியின் கதவு எண் சட்டென்று நினைவுக்கு வரவில்லை. அறைச் சாவியில் கட்டியிருந்த தகட்டைப் பார்த்து எழுதினார்.

வேனை எடுத்துக்கொண்டு வரும்போது மச்சான் பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தார். மெதுவா ஓரங்கட்டி இடப்பக்கக் கதவைத் திறந்தார். மச்சான் பார்த்தார், ஏறவுமில்லை, திரும்பிக்கொள்ளவுமில்லை. இரண்டு பேரில் ஒருவர் ஏதாவது சொல்லியிருக்கக்கூடும். அதற்குள் பஸ் வந்து, வேன் தன் இடத்தில் நிற்பதைக் கண்டு விடாமல் ஹாரன் அடித்தது. மெதுவா எட்டிக் கதவைச் சாத்திவிட்டு வண்டியை நகர்த்தினார்.