கண்டக்டர் உட்கார்ந்த கதை

தையலம்மாவின் கணவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை என்று தெருவில் சொல்வார்கள். அது கொஞ்சம் மிகைதான். சாப்பிடும்போது உட்காருவார். அதுவும் நாற்காலியின் நுனியில், எந்த நேரமும் யாராவது எழுப்பிவிடுவார்கள் என்பதைப் போல. மற்றபடி பேப்பர் படிப்பது, டிவி பார்ப்பது, மனைவி திட்டுவதைக் கேட்பது எல்லாமே நின்றபடி, வலது கையைத் தூக்கி வாசல் நிலையின் மேல்கட்டையைப் பிடித்தபடிதான். டவுன் பஸ் கண்டக்டராக ஒரு ஆயுளை ஓட்டியவர். ஓய்வு பெற்ற பிறகு அவருடைய பஸ்தான் நின்றது, அவர் நிற்பது நிற்கவில்லை.

தையலம்மா அதற்கு நேர்மாறு. தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தே தேய்ந்தவள். பக்கத்தில் எப்போதும் ஒரு ஸ்டூல் கிடக்கும். அதில் வெட்டிய துணி இருக்கும், நூல்கண்டு இருக்கும், அளவு கொடுக்க வந்த பெண்களின் கைப்பை இருக்கும். கணவர் மட்டும் இருந்ததே இல்லை.

கல்யாணமான புதிதில் ஒருநாள், அவர் வேலை செய்வதைப் பார்க்கும் ஆசையில், நல்ல புடவையாக உடுத்திக்கொண்டு அவருடைய பஸ்ஸில் ஏறினாள். கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தவர் முகத்தைக்கூடப் பார்க்காமல், "எங்கம்மா போறீங்க?" என்றார். அவள் விக்கித்துப்போய் நிற்க, "சட்டுனு சொல்லுங்கம்மா, பின்னால ஆளுங்க நிக்கிறாங்க" என்றார். அன்று வீட்டில் அடுப்பு எரியவில்லை. இன்றைக்கும் யாராவது அந்தப் பேச்சை எடுத்தால் கண்டக்டருக்கு வெளியே ஏதோ அவசர வேலை வந்துவிடும்.

மகளுக்கு வெளிநாட்டில் வேலை. ரெண்டு பேரும் வந்து கொஞ்ச நாள் இருங்கள் என்று டிக்கெட் போட்டாள். வழியில், தமிழ் ஜனங்கள் நிறைய வந்துபோகும் ஒரு நிலையத்தில் விமானம் மாற வேண்டும், நடுவில் அரைநாள் காத்திருக்க வேண்டும். "உனக்கு ஸ்பெஷலா என்னம்மா வேணும்?" என்று போனில் கேட்டபோது தையலம்மா யோசிக்கவே இல்லை.

"உங்கப்பா என் பக்கத்துல கொஞ்ச நேரம் உக்காரணும்டி. வேற ஒண்ணும் வேணாம்."

மகள் சிரித்தாள். அப்புறம் சிரிப்பு அடங்கிப்போய், சரிம்மா என்றாள். விமானம் மாறும் இடத்தில், பணம் கட்டினால் சொகுசாக உட்கார்ந்திருக்கலாம் என்ற லவுஞ்சில் இருவருக்கும் இடம் பதிவு செய்துவிட்டாள்.

நியாயமாகப் பார்த்தால் முதல் விமானத்திலேயே அந்த ஆசை நிறைவேறியிருக்க வேண்டும். ஆனால் ஒரு தாயும் பிள்ளையும் பிரிந்து உட்கார்ந்திருப்பது கண்டக்டர் கண்ணில் பட்டுத் தொலைத்தது. தன் சீட்டை அவர்களுக்குக் கொடுத்து, ஒரு வரிசையையே கலைத்துப் போட்டு, கடைசியில் கழிப்பறை ஓரத்தில் போய் ஒடுங்கிக்கொண்டார். சீட் பெல்ட் விளக்கு அணைந்ததும் அங்கிருந்தும் எழுந்துவிட்டார்.

லவுஞ்சுக்குள் நுழைந்ததும் தையலம்மா சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். வெளியே அத்தனை இரைச்சல், கதவு மூடியதும் சத்தம் போன இடம் தெரியவில்லை. காலடியில் மெத்தென்ற விரிப்பு. ஒரு பொத்தானை அமுக்கினால் காபி வந்தது, பக்கத்துப் பொத்தானை அமுக்கினால் வேறொரு காபி வந்தது. சூப், ரொட்டி, கேக், நறுக்கிய பழம் என்று வேண்டிய மட்டும் எடுத்துக்கொள்ளலாம், யாரும் முகம் சுளிப்பதில்லை. குளிக்க வெந்நீரும் வெள்ளைத் துண்டும் உண்டு. ஜன்னலோரமாகச் சாய்வு சோபாக்கள். கைப்பிடியில் இருந்த பொத்தானை அழுத்தினால் முதுகு சாயும், கால் தானாக மேலே வரும். தையலம்மா முதலில் சோபா உறையின் தையலைப் புரட்டிப் பார்த்தாள். இரட்டைத் தையல் போட்டிருந்தார்கள். திருப்தியோடு உட்கார்ந்து, பக்கத்து சோபாவில் தன் கைக்குட்டையைப் போட்டு இடம் பிடித்தாள்.

"என்னங்க, வந்து உக்காருங்க."

"இதோ" என்றார் கண்டக்டர். அந்த 'இதோ'வை அவள் எத்தனையோ வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

அவர் நேராக வரவேற்பு மேஜைக்குப் போனார். "ஏம்மா, பிளைட்டு கிளம்புற நேரத்துல கூப்பிடுவீங்கல்ல?"

"இல்ல சார், இங்க அறிவிப்பு கிடையாது" என்றாள் அங்கிருந்த பெண். "அமைதியா இருக்கணும்னு வர்றாங்க இல்லையா? அந்தத் திரையில அவங்களே பாத்துக்கணும்."

"தூங்குறவங்க?"

"அது அவங்கவங்க பொறுப்பு சார்."

கணவரின் முகம் போன போக்கைப் பார்த்ததும் தையலம்மாவுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவர் பஸ்ஸில் தூங்கிப்போய் ஸ்டாப்பைத் தவறவிட்டவர் ஒருவர்கூடக் கிடையாது. "நீங்க தூங்குங்க, ஸ்டாப் வந்தா நான் சொல்றேன்" என்று அவர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், வேலை முடிந்து வருகிற ஜனங்கள் நிம்மதியாகக் கண்ணை மூடுவார்கள். அப்பேர்ப்பட்டவரிடம் போய் அவங்கவங்க பொறுப்பு என்றால் எப்படி?

அவ்வளவுதான். முன் வரிசையிலிருந்து ஆரம்பித்துவிட்டார். "எங்க போறீங்க? எந்த கேட்டு?" என்று ஒவ்வொருவராகக் கேட்டு, எல்லாவற்றையும் மனசில் ஏற்றிக்கொண்டார். கண்ணில் பட்டையைக் கட்டிக்கொண்டு படுத்திருந்த ஒருவரை உலுக்கி எழுப்பினார். அவர் அரண்டுபோய், "எனக்கு மத்தியானம்தாங்க பிளைட்டு" என்றார். "அப்ப தூங்குங்க, மத்தியானம் எழுப்புறேன்" என்று பட்டையைக் கண்டக்டரே இறக்கிவிட்டார். சாப்பாட்டு மேஜையில் கூட்டம் தேங்கியபோது, "சூப்புகிட்டயே நிக்காதீங்க, உள்ள போங்க, கேக்கு பக்கம் காலியா இருக்கு" என்று அவர் குரல் கேட்டது. ஜனங்களும் மறுபேச்சில்லாமல் உள்ளே போனார்கள். தையலம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் ஒரு முதியவரைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தார். நேராக அவள் பக்கத்து சோபாவுக்கு வந்து கைக்குட்டையை எடுத்தார். "இது யாரு துணி போட்டு இடம் பிடிச்சிருக்கிறது? அதெல்லாம் செல்லாது. நீங்க உக்காருங்கய்யா." கைக்குட்டையைத் தையலம்மாவின் மடியில் போட்டுவிட்டுப் போயேவிட்டார். முதியவர் பொத்தானை அமுக்கிக் காலை நீட்டிக் குறட்டை விட ஆரம்பித்தார். அவளுக்குக் கோபத்தில் கண் கலங்கியது.

"ஏழாம் கேட்டு எல்லாம் எந்திரிங்க! தூங்குறவங்களைத் தட்டுங்க!"

வரவேற்புப் பெண் ஓடி வந்தாள். "சார், இங்க சத்தம் போடக் கூடாது!" அவள் முடிப்பதற்குள், மசாஜ் நாற்காலியில் குலுங்கிக்கொண்டே தூங்கிய கோட்டுக்காரர் துள்ளி எழுந்தார். "ஐயோ, என் பிளைட்டு! நீங்க நல்லா இருக்கணும் அண்ணே" என்று ஒரு ஷூவைக் காலிலும் இன்னொன்றைக் கையிலுமாக ஓடினார். அதைப் பார்த்த மற்றவர்கள் தாங்களாகவே வந்து கண்டக்டரிடம் கேட்டைச் சொல்லிவிட்டுப் போய்ப் படுத்தார்கள். அந்தப் பெண் என்ன செய்வாள்? மெதுவாகவாவது கத்துங்கள் என்று கெஞ்சிவிட்டு இடத்துக்குப் போனாள்.

தையலம்மாவின் போனில் ஒரு செய்தி வந்தது. அவர்கள் போக வேண்டிய விமானம் மூன்று மணி நேரம் தாமதம். கணவரிடம் சொல்ல வாயெடுத்தாள். சொன்னால் என்ன ஆகும்? இன்னும் மூன்று மணி நேரம் டூட்டி பார்ப்பார். போனைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

மத்தியானம் சாய்ந்ததும் கூட்டம் வடிந்தது. பக்கத்து முதியவரையும் கண்டக்டரே எழுப்பி, கேட் வரை கொண்டுபோய் விட்டு வந்தார். பிறகு, கடைசி டிரிப் முடிந்த பஸ்ஸில் செய்வதைப் போலவே, ஒவ்வொரு சீட்டாகக் குனிந்து பார்த்துக்கொண்டு வந்தார். ஒரு குடையும் ஒரு சார்ஜரும் அகப்பட்டன. ஜன்னலோரம், வெளியே பார்த்தபடி ஒரு அம்மாள் மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தாள்.

"எல்லாரும் கிளம்பியாச்சும்மா" என்றார், சோபாவுக்கு அடியில் பார்த்துக்கொண்டே. "நீங்க எங்க போறீங்க?"

தையலம்மா திரும்பினாள். கேட்பதற்கு வண்டி வண்டியாகச் சேர்த்து வைத்திருந்தாள். வாயில் வந்ததென்னவோ ஒன்றுதான்.

"உங்க கூடத்தான்."

கண்டக்டர் நிமிர்ந்தார். மனைவியின் முகத்தைப் பார்த்தார், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், சட்டைப் பையிலிருந்த டிக்கெட்டை எடுத்துப் பார்த்தார். அவர்கள் விமானம் கிளம்ப வேண்டிய நேரம் எப்போதோ தாண்டியிருந்தது. குடை கைநழுவி விழுந்தது. பெட்டியைத் தூக்கப் பாய்ந்தவரின் சட்டையை அவள் பிடித்து இழுத்தாள்.

"இப்ப ஓடி ஒண்ணும் ஆகப்போறதில்ல. உக்காருங்க."

அவள் பொய் சொல்லவில்லை. அவர் பக்கத்து சோபாவில் பொத்தென்று விழுந்தார். நுனியில் இல்லை, முழுசாக.

"ஊர்ல இருக்கிறவங்களை எல்லாம் ஏத்தி விட்டேன்" என்றார். "உன்னை மட்டும் விட்டுட்டேனே. அன்னிக்கும் இப்படித்தான் உன்னைப் பாக்காமலே கேட்டேன். எனக்கு அது மறக்கவே இல்ல தெரியுமா?"

இத்தனை காலமும் அந்தப் பேச்சைக் கேட்டு அவர் ஓடியது வெட்கத்தில் என்று அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது. அதற்குமேல் அவளால் தாங்க முடியவில்லை.

"பிளைட்டு லேட்டுங்க. இன்னும் நிறைய நேரம் இருக்கு. எனக்கு முன்னாடியே தெரியும்."

கண்டக்டர் அவளையே பார்த்தார். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தாள். அவர் வழக்கம்போல வலது கையைத் தூக்கி மேலே எதையோ தேடினார். பிடிக்க எதுவும் இல்லை. இறங்கிய கை சோபாவின் பொத்தானில் விழ, முதுகு சாய்ந்து கால் மேலே கிளம்பியது. "அய்யய்யோ, பிடி பிடி!" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டார். சாய்ந்து முடிந்த பிறகும் விடவில்லை.

"நல்லாத்தான் இருக்கு, இல்ல?" என்றார் கொஞ்ச நேரம் கழித்து. கண் சொருகியது. உடனே திடுக்கிட்டுத் தலையைத் தூக்கித் திரையைத் தேடினார்.

தையலம்மா இன்னொரு கையால் அவர் நெற்றியை அழுத்திச் சாய்த்தாள்.

"நீங்க தூங்குங்க. ஸ்டாப் வந்தா நான் சொல்றேன்."

அந்த வார்த்தையை அவரிடம் யாரும் சொன்னதே இல்லை. அவர் தூங்கிப்போனார். தையலம்மா திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.