வெட்டு இல்லாத காலை

இன்று காலை பைக் கழுவும்போது ஓஸ் குழாய் கைநழுவி, தண்ணீர் தகரக் கூரையில் சடசடவென்று விழுந்தது. அந்தச் சத்தத்தில் எனக்கு ஏழு வயதாகிவிட்டது.

அப்பா ரப்பர் மரப்பட்டையைக் கீறிப் பால் வெட்டுபவர். மழை பெய்தால் பாலில் தண்ணீர் கலந்துவிடும் என்பதால் அன்று வெட்டு கிடையாது. தகரத்தில் மழைச் சத்தம் கேட்டதுமே கத்தியை வைத்துவிட்டு மரச்சீனிக் கிழங்கு அவிப்பார். காந்தாரி மிளகாய் நசுக்கித் தொட்டு எனக்கு ஊட்டி, நான் கண் கலங்கித் துள்ளுவதைப் பார்த்துச் சிரிப்பார். பள்ளிக்கூடமே போகாத அவர், என் பாடப்புத்தகத்தைச் சத்தமாக வாசிக்கச் சொல்லிக் கேட்பார்.

இப்போது அவருக்கு மறதி நோய். பேண்ட் போட்ட என்னை 'சார்' என்கிறார். வேலையை விட்டு ஆறு வருஷமாகியும் தினமும் வெட்டுக்குக் கிளம்புகிறார். போன வாரம் வழிதவறி, தக்கலை ரோட்டில் பஸ்களுக்கு நடுவே நின்றார். "வெட்டெல்லாம் விட்டாச்சுப்பா" என்று நான் திருத்தத் திருத்த அவருக்குக் கோபம்தான் ஏறும்.

இன்றும் கேட்டைப் பிடித்து ஆட்டினார். "தெறங்க சார், மொதலாளி ஏசுவாரு."

நான் ஓஸைத் தகரத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தேன். "அப்பா, மழயாக்கும். இன்னைக்கு வெட்டு இல்ல."

காதைச் சாய்த்துக் கேட்டார். முகம் மலர்ந்தது. "மழன்னா மொதலாளி என்ன செய்ய முடியும்?" என்று சிரித்தபடி வராந்தாவில் ஏறி உட்கார்ந்தார். பிறகு, பளீரென்ற வெயிலில் தொப்பலாக நனைந்து நின்ற என்னைப் பார்த்தார்.

"ஏலே, காய்ச்ச வரும். உள்ள ஏறி வா மக்கா."

அந்த மழையை நிறுத்த எனக்கு மனம் வரவில்லை.